வாய்தாத் தோழிகளோடு நான்கு நாட்கள்

முதல் நாள்: திருச்சியிலிருந்து காரைக்கால்

காலை ரயில். ஜன்னல் ஓரம் செல்வி அக்காவுக்கு என்று முன்பே முடிவாகியிருந்தது. ஐம்பத்தி நாலு வயதில், யாருக்காவது துணைக்கு என்றில்லாமல் தனக்காகவே அவர் ஊர் விட்டுக் கிளம்புவது இதுதான் முதல் தடவை. ஏறி உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி, காலை மடக்கி, தஞ்சாவூர் வரும்வரை வாயே திறக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

நாங்கள் நாலு பேர். பெயர்களை மாற்றி எழுதுகிறேன். செல்வி அக்கா தையல்காரர். ரெஜினா அக்கா நர்ஸ். பர்வீன் மருந்துக்கடையில் பில் போடுகிறாள், எங்களில் சின்னவள். நான் டி.டி.பி. வேலை பார்க்கிறேன். பத்தாவது படிக்கும் மகன் இந்த நாலு நாளும் என் அம்மாவிடம்.

எங்களுக்குப் பழக்கம் குடும்ப நல நீதிமன்றத்து வராந்தாவில். முதல் வாய்தாவுக்கு என் அப்பா வந்தார். இரண்டாவதற்கு அண்ணன். நாலாவதற்கு எல்லாருக்கும் வேலை இருந்தது. அன்றைக்குத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த செல்வி அக்கா டிபன் டப்பாவைத் திறந்து, எலுமிச்சைச் சாதத்தில் பாதியை மூடியில் தள்ளி என் பக்கம் நகர்த்தினார். "உன் கேஸ கூப்புட மூணு மணியாவும். சாப்புடு." என் கேஸ் என்ன என்று அவர் கேட்டது அதற்கு இரண்டு மாதம் கழித்து. எனக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று சொன்னால் புரியுமா தெரியவில்லை. அந்த நாட்களில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "என்னதாம்மா பிரச்சனை?"

நான் சட்டம் படித்தது அந்த பெஞ்சில்தான். எனக்கு இந்துத் திருமணச் சட்டம், 1955. சண்டையாகத் தொடங்கிய வழக்கு கடைசியில் 13பி பிரிவில், பரஸ்பர சம்மதத்தில் முடிந்தது. ஒரு வருஷம் பிரிந்திருக்க வேண்டும், மனு போட்ட பிறகு இன்னொரு ஆறு மாதம் பொறுக்க வேண்டும். இனிச் சேரவே மாட்டார்கள் என்று நீதிமன்றம் கண்டால் அந்த ஆறு மாதத்தைத் தள்ளுபடி செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் சொல்லியிருக்கிறது. இதை என் வக்கீலுக்கு முன்னால் எனக்குச் சொன்னவர் ரெஜினா அக்கா. அவருக்கு அந்தச் சட்டம் பொருந்தாது. கிறிஸ்தவர்களுக்கு 1869-ம் ஆண்டுச் சட்டம். 2001-ல் திருத்தும்வரை, கணவன் வேறொருத்தியோடு வாழ்கிறான் என்று மட்டும் நிரூபித்தால் மனைவிக்கு விடுதலை கிடையாது. கூடவே அடித்தான், அல்லது விட்டுவிட்டு ஓடினான் என்றும் நிரூபிக்க வேண்டும். கணவனுக்கோ அந்த ஒரு காரணமே போதும். திருத்திய பிறகும் சம்மதத்தோடு பிரிய இரண்டு வருஷம் தனியாக இருந்திருக்க வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறது. "எங்களுக்கு மட்டும் ஒரு வருசம் கூட," என்பார் ரெஜினா அக்கா.

பர்வீனின் கணவர் வளைகுடாவுக்குப் போனார். முதலில் பணம் நின்றது, பிறகு போன் நின்றது. அவள் அத்தா அலைந்து திரிந்து ஓர் இடத்தில் குலா, அதாவது மனைவி கேட்டு வாங்கும் விவாகரத்து, ஆனதாகச் சான்றிதழ் வாங்கித் தந்தார். 2023-ல் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் அமைப்புகள் கொடுக்கும் குலா சான்றிதழ் செல்லாது, குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னது. பையில் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு அவள் முதல் நாள் வராந்தாவில் நின்ற நிலை இன்னும் கண்ணில் இருக்கிறது. இரண்டு வருஷம் ஜீவனத்துக்குக் கொடுக்காவிட்டால் மனைவி விவாகரத்துக் கேட்கலாம் என்று 1939-லேயே சட்டம் இருப்பது அவளுக்கு அன்று தெரியாது.

செல்வி அக்காவின் கதைதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. புருஷன் விட்டுப் போய் இருபத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. இத்தனை காலம் கழித்து எதற்கு இந்த வயதில் கோர்ட்டு என்று ஊரே கேட்டது. தையல் காசில் அவர் ஒன்றரை ரூம் வீடு கட்டியிருக்கிறார். உயில் எழுதாமல் ஓர் இந்துப் பெண் இறந்தால் அவள் சம்பாதித்த சொத்து பிள்ளைகளுக்கும் கணவனுக்கும் சேர்ந்துதான் போகும். 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டம் அப்படி. இருபத்தி இரண்டு வருஷம் எட்டிப் பார்க்காதவர் வந்து மகளோடு பங்கு கேட்கலாம். "நான் செத்தா அந்தாளு என் வாசப்படியில வந்து நிக்கக் கூடாது பாப்பா," என்றார் அக்கா. விவாகரத்தும் வாங்கினார், உயிலும் எழுதிவிட்டார்.

நீடாமங்கலம் தாண்டி இரண்டு பக்கமும் குறுவை நடவு. எதிர் சீட்டில் ஓர் அம்மா ரொம்ப நேரமாக எங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நாலு பேர் முகஜாடையும் சேரவில்லை, சாப்பாட்டை மட்டும் ஒரே டப்பாவில் சாப்பிடுகிறோம். "எல்லாரும் அக்கா தங்கச்சியா?" என்றார். "ஆமாம்மா, கோர்ட்டுல பொறந்தவங்க," என்றார் செல்வி அக்கா. அந்த அம்மா கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, மடியிலிருந்து நாலு கொய்யாப்பழம் எடுத்துக் கொடுத்தார்.

காரைக்காலில் மாங்கனித் திருவிழாக் கூட்டம். காலையில் திருக்கல்யாணம் முடிந்து, தெருவெல்லாம் வாழைமரமும் மாலையும். முதலில் போன விடுதியில், "ஜென்ட்ஸ் யாரும் கூட வரலையா?" என்று கேட்டு, பிறகு ரூம் இல்லை என்றார்கள். எங்கள் கண் முன்னாலேயே அடுத்து வந்த குடும்பத்துக்குச் சாவி போனது. நான் சண்டை போடத் தயாரானேன். ரெஜினா அக்கா கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டார். மூன்று தெரு தள்ளி மாடி அறைகளை வாடகைக்கு விடும் வீடு ஒன்று கிடைத்தது. அங்கே நோட்டில் த/பெ, க/பெ என்று கட்டம். என் ஆதாரில் இன்னும் அவர் பெயர்தான் இருக்கிறது. பேனா அங்கே வந்து நின்றது. செல்வி அக்கா என் கையிலிருந்து பேனாவை வாங்கி, அந்தக் கட்டத்தில் என் அம்மாவின் பெயரை எழுதினார். வீட்டுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சாவியைக் கொடுத்தார்.

இதைவிடப் பெரிய வேலை ஊரில் காத்திருக்கிறது. நானும் பர்வீனும் சேர்ந்து வாடகைக்கு வீடு தேடுகிறோம். அவள் தம்பிக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அதற்குமுன் அவள் அங்கிருந்து கிளம்ப வேண்டும். எனக்கும் என் அண்ணி முகத்தைப் பார்த்தே பொழுது விடிகிறது. இதுவரை பதினொரு வீடு பார்த்தாயிற்று. "சார் என்ன பண்றாரு?" என்ற கேள்வியில் பதினொன்றும் முடிந்தது.

இரண்டாம் நாள்: மாங்கனி

விடிவதற்கு முன்பே பாரதியார் சாலையில் கால் வைக்க இடமில்லை. இந்த ஊரில் பிறந்த புனிதவதி, அறுபத்து மூன்று நாயன்மார்களில் மூன்று பெண்களில் ஒருத்தி, காரைக்கால் அம்மையார். கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். கணவன் பரமதத்தன் கடையிலிருந்து இரண்டு மாம்பழம் கொடுத்தனுப்புகிறான். பசியோடு வந்த அடியாருக்கு அவள் ஒன்றைப் படைத்துவிடுகிறாள். மதியம் சாப்பிட வந்தவன் ஒன்றைத் தின்றுவிட்டு அடுத்ததைக் கேட்கிறான். அவள் வேண்ட, கையில் பழம் வருகிறது. இது நான் கொடுத்த பழம் இல்லையே என்கிறான். நடந்ததைச் சொல்கிறாள். நம்பாமல், இன்னொன்று வரவழைத்துக் காட்டு என்கிறான். வருகிறது, அவன் கையில் வாங்கியதும் மறைகிறது. பயந்து போனவன் வியாபாரத்துக்கு என்று கப்பலேறி, பாண்டி நாட்டில் போய் வேறு கல்யாணம் செய்துகொள்கிறான். பிறந்த மகளுக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான்.

சின்ன வயதில் இந்தக் கதையில் எனக்குப் பிடித்தது மாம்பழம். இன்று கூட்டத்தில் நின்றபோது மனதில் நின்றது அதற்குப் பிறகு வரும் இடம். அவன் இருக்குமிடம் தெரிந்ததும் சொந்தக்காரர்கள் என்ன செய்தார்கள்? அவளைப் பல்லக்கில் ஏற்றி அவன் ஊருக்கே கொண்டுபோனார்கள். சேர்த்து வைக்க.

என்னை ஒரு வேனில் ஏற்றினார்கள். பெரியப்பா, மாமா, ஊர்ப் பெரியவர் இரண்டு பேர், அம்மா. வழியில் பழமும் பூவும் வாங்கிக்கொண்டார்கள். "போயி சேர்த்து வெச்சிட்டு வந்துருவோம்," என்று மாமா போனில் யாரிடமோ சொன்னார். என் இடது கையில் கட்டுப் போட்டிருந்தது. கூட வந்த ஐந்து பேரில் ஒருவருக்கும் அந்தக் கையைப் பற்றி அந்த வீட்டில் கேட்கத் தோன்றவில்லை. காப்பி குடித்தார்கள், சிரித்துப் பேசினார்கள், என்னை விட்டுவிட்டுத் திரும்பிவிட்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. என்மேல் பாசம் உள்ளவர்கள். அதனால்தான் அதைச் சொல்ல இவ்வளவு வருஷம் ஆயிற்று.

பல்லக்கில் போன அம்மையாரைப் பார்த்ததும் பரமதத்தன் மனைவி மகளோடு காலில் விழுந்தான். இவள் தெய்வம், என் மனைவி இல்லை என்றான். அவனுக்காகச் சுமந்த இந்த உடம்புச் சதை இனி வேண்டாம், பேய் வடிவம் கொடு என்று அவள் இறைவனிடம் கேட்டாள். பக்தியின் உச்சம் என்று சொல்வார்கள். நானும் கும்பிட்டேன். ஆனாலும் ஒன்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்தக் காலத்தில் ஒரு பெண் கல்யாணத்தை விட்டு வெளியே வர உடம்பையே உதற வேண்டியிருந்தது. வாழாவெட்டி என்று எங்கள் ஊரில் சொல்வார்களே, அந்தச் சொல் அவளை ஒட்டாமல் இருந்ததற்கு அவள் மனித உருவிலேயே இல்லாமல் போனதுதான் காரணமோ என்னவோ.

பவழக்கால் சப்பரத்தில் பிச்சாடனர் வந்தார். சப்பரம் நகர நகர, பின்னால் மாடிகளிலிருந்து மாம்பழம் பொழிகிறது. பொழிகிறது என்றுதான் சொல்ல வேண்டும். கூடை கூடையாக வீசுகிறார்கள், கீழே ஆயிரம் கைகள். பிள்ளை இல்லாதவர்கள் பிடித்துச் சாப்பிட்டால் பிள்ளை பிறக்கும் என்று நம்பிக்கை. பர்வீன் துப்பட்டாவை விரித்துப் பிடித்தாள், ஒன்று நேராக அதில் விழுந்தது. ரெஜினா அக்காவுக்குத் தோளில் பட்டுத் தெறித்ததை நான் பிடித்தேன். ஆக இரண்டு. என் கையில் இருந்தது காம்புப் பக்கம் இன்னும் பச்சை, பால் பிசுபிசுத்தது. ஒரு கன்னத்தில் யாரோ மிதித்த மண். மூக்கருகே கொண்டுபோனால் மண்ணை மீறி மணம்.

பக்கத்தில் முப்பது வயதுக்குள் ஒரு பெண், முந்தானையை விரித்தபடியே இவ்வளவு நேரமும் நின்றவள். ஒன்றும் விழவில்லை. மாமியார் போல் இருந்தவர், "கைய ஒசத்திப் புடிக்கத் தெரியுதா ஒனக்கு," என்று கடிந்துகொண்டிருந்தார். ரெஜினா அக்கா என் கையிலிருந்த பழத்தை எடுத்து, மண்ணைப் புடவையில் துடைத்து, அவள் முந்தானையில் போட்டார். கூடவே அவள் காதில் ஏதோ சொன்னார். என்ன சொன்னீங்க என்று பிறகு கேட்டேன். "புருசனையும் டெஸ்ட் எடுக்கச் சொல்லுன்னேன்." இருபது வருஷம் பிரசவ வார்டில் வேலை பார்த்தவர்.

மதியம் பஸ் பிடித்துத் தரங்கம்பாடி போய் வந்தோம். 1620-ல் டென்மார்க்காரர்கள் கட்டிய கோட்டை, வெயில், காற்று. செல்வி அக்கா கோட்டையைவிடக் கரையில் வலை பழுது பார்ப்பவரின் முடிச்சைத்தான் அதிகம் பார்த்தார். அந்த முடிச்சை எனக்குச் சொல்லிக் கொடுங்கள் என்று உட்கார்ந்தே விட்டார். இரவு அம்மையார் கோயிலில் தயிர்சாதப் பிரசாதம் கிடைத்தது. மிச்சமிருக்கும் ஒரு மாம்பழம் பர்வீனின் பையில். பழுக்கட்டும் என்று விட்டிருக்கிறோம்.

மூன்றாம் நாள்: நாகூர், வேளாங்கண்ணி

நாகூர் தர்காவுக்குப் போவதா வேண்டாமா என்பதில் பர்வீனின் வீட்டிலேயே இரண்டு கட்சி. தம்பி கூடாது என்பான். நன்னி இருந்தவரை வருஷம் ஒரு தடவை பேத்தியைக் கூட்டி வந்துவிடுவாராம். "நான் நன்னி கட்சி," என்று சொல்லிவிட்டுத் தலையில் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு முன்னால் நடந்தாள். ஐந்து மினாராக்கள். உயரமான பெரிய மினாரா 131 அடி, கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப் சிங். புறா கூட்டமாக எழும்பி மறுபடி அதே இடத்தில் வந்து இறங்குகிறது.

வாசல் கடைகளில் தகடுகள் விற்கிறார்கள். கண், கால், தொட்டில், கப்பல் என்று எது வேண்டுமோ அந்த உருவம் பதித்த மெல்லிய தகடு. வாங்கிக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். பர்வீன் தட்டிலிருந்த தகடுகளை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளித் தேடினாள். அடியில் கிடைத்தது வீடு. கட்டைவிரல் நகம் அளவுக்குக் கதவு, இரண்டு ஜன்னல், கூரையில் கோடு கோடாக ஓடு. உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அக்கா, இதுல கிச்சன் எங்க வரும்?" என்றாள். அந்தக் கேள்வியில் அவளும் நானும் அப்படியே அழுதுவிட்டோம். கடைக்காரர் காசைக் குறைத்துக்கொண்டார்.

வெளியே வந்து சூடாக இறால் வாடா. ஆளுக்கு இரண்டு, அப்புறம் ஆளுக்கு இன்னொன்று.

நாகப்பட்டினத்திலிருந்து டவுன் பஸ்ஸில் கட்டணமில்லாச் சீட்டு. 2021-ல் இது வந்தபோது எனக்கு வழக்கு நடந்துகொண்டிருந்தது. வாய்தாவுக்கு வந்து போகிற பஸ் காசுக்கு அண்ணனிடம் நிற்காமல் இருந்தது அந்தச் சீட்டால். இதை இலவசம் என்று இளப்பமாகப் பேசுகிறவர்களிடம் எனக்குக் கோபம் வருகிறது.

வேளாங்கண்ணிக்கு வந்ததும் ரெஜினா அக்கா பேச்சைக் குறைத்துவிட்டார். மணல் பாதையில் முழங்காலிட்டு நகர்ந்து போகிறவர்களைப் பார்த்தபடி நின்றார். பிறகுதான் சொன்னார். பிரிந்த நாளிலிருந்து ஏழு வருஷமாக அவர் நற்கருணை, பூசையில் சாமியார் தரும் அப்பம், வாங்கவில்லை. விவாகரத்து ஆனவள் வாங்கக் கூடாது என்று கணவரின் அக்கா சொன்னது, அது அப்படியே மனதில் தங்கிவிட்டது. ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போவார். எல்லாரும் எழுந்து வரிசையில் போகும்போது, தாண்டிப் போகிறவர்களுக்கு வழிவிட முழங்காலை ஒதுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஏழு வருஷம், ஞாயிறுதோறும்.

சாயங்காலம், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனார். வெளியே வர அரை மணி ஆயிற்று. முகம் சிவந்திருந்தது. "தடையே இல்லையாம்டி. திருச்சபை அனுமதியில்லாம மறு கல்யாணம் பண்ணி வாழ்ந்தாத்தான் தடையாம். கோர்ட்டுல பிரிஞ்சது பாவமே இல்லையாம்." மாலைக் கடற்காற்றில் நாலு பேரும் நின்றோம். எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. யாரோ ஒருத்தி அரைகுறையாகச் சொன்ன ஒரு வார்த்தை, படித்த, சம்பாதிக்கிற ஒரு மனுஷியை ஏழு வருஷம் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டது. அவரும் யாரிடமும் போய்க் கேட்கவில்லை. கேட்கவே கூசியது என்றார்.

நான்காம் நாள்: திரும்பும் வழி

காலைத் தமிழ்ப் பூசை. நாங்கள் மூன்று பேரும் கடைசி வரிசையில். நற்கருணை நேரத்தில் ரெஜினா அக்கா எழுந்தார். அவருக்கு வழிவிட நாங்கள் முழங்காலை ஒதுக்கிக்கொண்டோம். திரும்பி வந்து மண்டியிட்டவர் வெகுநேரம் எழவில்லை. செல்வி அக்கா முதுகில் கை வைத்தார், எடுக்கவில்லை.

நாகப்பட்டினத்தில் ரயில் ஏறினோம். பர்வீன் பையைத் திறந்ததும் பெட்டி முழுக்க மாம்பழ வாசனை. செல்வி அக்கா நூல் கத்தரியோடு வைத்திருக்கும் சின்னக் கத்தியால் கீறினார். பழம் ஒரு பக்கம் அடிபட்டுக் கன்றியிருந்தது. அந்தப் பக்கத்தை அவர் எடுத்துக்கொள்ளப் பார்க்க, பர்வீன் பிடுங்கிக்கொண்டாள். கொட்டை எனக்கு.

செல்வி அக்காவின் பின் தெருவில் ஒரு வீடு காலியாகிறது. கிளம்பும் முன்பே அந்த வீட்டுக்கார அம்மாவிடம் அக்கா எங்களைப் பற்றிச் சொல்லி வைத்திருந்தார். இரண்டு பேருக்கும் விவாகரத்து ஆகிவிட்டது, பேர் இது, மதம் இது, ஒரு பையன் உண்டு என்று எதையும் மறைக்காமல். பிறகு தெரிந்து கிளப்பிவிட்டால் இன்னும் கஷ்டம் என்பது அக்காவின் கணக்கு. நாலு நாளாகப் பதில் இல்லை. நான் பன்னிரண்டாவது வீடாக எண்ணத் தொடங்கியிருந்தேன்.

திருவாரூர் தாண்டும்போது போன் வந்தது. அக்கா ஸ்பீக்கரில் போட்டார். சார் என்ன செய்கிறார் என்ற கேள்விக்கு நான் பதிலைத் தயார் செய்துகொண்டேன்.

"செல்வி, அந்தப் பொண்ணுங்க பக்கத்துல இருக்காங்களா? கேட்டுச் சொல்லு. நம்ம தெருவுல காலைல அஞ்சரைக்குத்தான் தண்ணி வரும், அரை மணிதான். எனக்கு மூட்டு வலி, எறங்க முடியல. மோட்டர் யாரு போடுவாங்க?"

பர்வீன் கன்றிய மாம்பழத் துண்டை வாயில் வைத்திருந்தாள். அவசரமாக விழுங்கிவிட்டு போன் பக்கம் குனிந்தாள்.

"நான் பஜ்ரு தொழுகைக்கு எந்திரிச்சிருவேம்மா. நானே போட்டுர்றேன்."